கடலில் கொட்டியதும் கூடையில் குறைந்ததும்

2025 ஜூலையில் கேரள அரசு உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் கேட்ட தொகை 9,531 கோடி ரூபாய். எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் ஆலப்புழைக்கு மேற்கே மூழ்கியதால் நேர்ந்த சேதத்துக்கான இழப்பீடு அது. தொகையைப் பிரித்துப் பார்த்தால் மூன்று இனங்கள். மாசுபாட்டின் சேதத்துக்கு 8,626.12 கோடி. சுற்றுச்சூழலைச் சீர்செய்ய 378.48 கோடி. மீனவர்களின் பொருளாதார இழப்புக்கு 526.51 கோடி. நூறு ரூபாய் கேட்டால் அதில் ஐந்தரை ரூபாய் மீனவர் பங்கு.

இதைக் குறை சொல்லவில்லை. கடலுக்கு நேர்ந்த சேதத்தின் விலை அதை நம்பி இருப்பவர்களின் சேதத்தைவிடப் பெரிதாக இருப்பதில் வியப்பு ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஐந்தரை ரூபாய்க்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பதைக் கேட்டாக வேண்டும். வள்ளத்தின் உடைமைக்காரர் இருப்பார். வலைக்காரர் இருப்பார். பங்குக்குக் கடலுக்குப் போகிற தொழிலாளி இருக்கலாம். கரையில் ஏலம் எடுத்து, பாத்திரத்தில் சுமந்து, நகரத்துத் தெருவோரத்தில் உட்கார்ந்து விற்கிற பெண்? நெத்திலியை மணலில் காயப்போட்டுக் கருவாடாக்குகிறவர்? பாறையில் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுக்கிறவர்? எண்ணெய்க் கசிவு கடலோரச் சமூகங்களை என்ன செய்கிறது என்பதைப் பற்றி உலகமெங்கும் நிறைய எழுதியிருக்கிறார்கள். அவற்றையும் நம் ஊர் அனுபவங்களையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இது: எண்ணெய் முதலில் அடிப்பது மீனை அல்ல, மீன் வியாபாரத்தை. நட்டக் கணக்கோ படகில் தொடங்கிப் படகிலேயே முடிந்துவிடுகிறது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுவோம். எல்சா 3 லைபீரியக் கொடி கட்டிய கப்பல். 1997இல் கட்டியது, 184 மீட்டர் நீளம். 2025 மே 23 அன்று விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்டது. மறுநாள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. 25ஆம் தேதி காலையில் மூழ்கியது. கப்பலில் இருந்த 24 பேரையும் கடலோரக் காவல்படையும் கடற்படையும் காப்பாற்றின. கப்பலில் இருந்தவை 640 கண்டெய்னர்கள். அவற்றில் 13இல் அபாயகரமான சரக்கு. அந்த 13இல் 12இல் கால்சியம் கார்பைடு. எரிபொருள் டாங்குகளில் 84.44 டன் டீசலும் 367.1 டன் ஃபர்னஸ் ஆயிலும். கேரள அரசு இதை மாநிலப் பேரிடராக அறிவித்தது. கப்பல் கிடக்கும் இடத்தைச் சுற்றி 20 கடல் மைலுக்குள் மீன் பிடிக்கக் கூடாது என்று தடை வந்தது.

காலத்தையும் கவனிக்க வேண்டும். அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை மே 24 அன்றே கேரளத்தைத் தொட்டுவிட்டது. இன்னும் இரண்டு வாரத்தில் விசைப்படகுகளுக்கான 52 நாள் தடை தொடங்க இருந்தது. அந்த நாட்களில் பெரிய டிராலர்கள் கடலில் இருக்காது. பாரம்பரிய வள்ளங்களுக்குக் கடல் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஆலப்புழைப் பக்கத்தில் சாகரை என்கிற சேற்றுக்கரை திரண்டு, அலை அடங்கிய நீரில் மத்தியும் கரிக்காடி இறாலும் குவிவதும் இந்த மழைக்காலத்தில்தான். சிறு தொழிலாளி வருடத்துக் கடனை அடைக்கும் பருவம். பல மீன்கள் முட்டையிடும் பருவமும் இதுவே. கப்பல் இதைவிடக் கெட்ட நேரம் பார்த்து மூழ்கியிருக்க முடியாது.

மழைக்காலத்தில் கேரளக் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே போகும். அதனால் ஆலப்புழைக்கு நேரே மூழ்கியதன் சரக்கு கொல்லத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் வந்தது. வர்க்கலை, அஞ்சுதெங்கு, பெருமாத்துறை, தும்பை, கொச்சுவேளி என்று எங்கள் திருவனந்தபுரம் மாவட்டக் கரைகளில் கண்டெய்னர்களும் வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் குருணைகளும் ஒதுங்கின. குமரி மாவட்டக் கரைக்கும் அவை போய்ச் சேர்ந்தன. எண்ணெய் பெரும் படலமாகக் கரை ஏறவில்லை. கொந்தளித்த கடல் அதை உடைத்துச் சிதறடித்தது. நல்ல காலம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் எண்ணெய் வராத கரையிலும் மீன் விற்கவில்லை.

இங்கே எண்ணெயின் குணத்தைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். கடலில் கொட்டிய எண்ணெயில் இலேசான பகுதி சில நாட்களில் ஆவியாகிவிடும். டீசல் பெரும்பாலும் அப்படிப் போகும். போவதற்கு முன் அருகில் இருக்கும் உயிர்களுக்குக் கடுமையான நஞ்சு. கனமான ஃபர்னஸ் ஆயில் போகாது. தண்ணீரோடு கலந்து பழுப்புக் களியாகும், பிறகு தார் உருண்டையாகும், மணலுக்குள் புதையும். நீந்தத் தெரிந்த பெரிய மீன் விலகிப் போய்விடும். முட்டையும் குஞ்சும் விலக முடியாது. எண்ணெயில் உள்ள சில வளையச் சேர்மங்கள் மிகக் குறைந்த அளவிலேயே மீன் குஞ்சுகளின் இதயத்தைக் கெடுக்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிப்பியும் ஆளியும் இடம்விட்டு நகராதவை. நீரை வடிகட்டித் தின்பதால் எண்ணெயின் நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஆகவே ஒரே கசிவில் அயிலை பிடிப்பவரின் நட்டமும் சிப்பி எடுப்பவரின் நட்டமும் வேறு வேறு அளவுள்ளவை, வேறு வேறு காலம் நீடிப்பவை. விழிஞ்ஞத்துச் சிப்பித் தொழிலாளியை ‘மீனவர்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் எழுதிச் சராசரி போட்டால் கணக்கு தப்பாகும்.

பிளாஸ்டிக் குருணை வேறு வகை. இரண்டு முதல் ஐந்து மில்லிமீட்டர் இருக்கும். மிதக்கும். மீன் முட்டைபோல் தெரியும். பல்லாண்டு அழியாது. ஆபத்தான சரக்கு என்று எண்ணிய அந்த 13 கண்டெய்னர்களில் இது சேரவில்லை. கப்பல் போக்குவரத்து விதிகளின்படி இது சாதாரணச் சரக்கு. மணலைச் சல்லடையில் சலித்துக் குருணை பொறுக்கிய தன்னார்வலர்களுக்கு இந்த வகைப்பாடு வேடிக்கையாகப் பட்டிருக்கும். மூழ்கிய கண்டெய்னர்களில் சிக்கி வலை கிழிவதாகவும் தொழிலாளர்கள் புகார் சொன்னார்கள். வலை கிழிந்தால் தைக்கலாம், தைக்கும் நாட்களில் தொழில் கிடையாது.

இனி சந்தைக்கு வருவோம். இந்தக் கட்டுரையின் பாரம் இங்கேதான்.

நான் இருப்பது வலியசாலையில். காந்தளூர் மகாதேவர் கோயிலைச் சுற்றிய தமிழ் அக்கிரகாரத் தெருக்கள், பின்னால் கிள்ளியாறு, முன்னால் சாலைக் கம்போளம். வலியதுறைக் கடல் இங்கிருந்து நேர்க்கோட்டில் நாலு கிலோமீட்டர்தான். அக்கிரகார வீடுகளில் மீன் ஏறாது. அதனால் கடலில் நடப்பது இந்தத் தெருவுக்கு எட்டாது என்று நினைத்துக்கொள்வது எங்களுக்குச் சுலபம். ஆனால் இரண்டு திருப்பம் தாண்டினால் அலுமினியச் சருவத்தை முன்னால் வைத்துக்கொண்டு கடற்கரைப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். பாளையம் சந்தையில், பாங்கோட்டில், சின்னச் சின்ன முக்குகளில், வீட்டு வாசல்களில் என்று திருவனந்தபுரம் நகரத்துக்கு மீன் ஊட்டியது பெருமளவுக்கு இந்தப் பெண்களே. ஒரு காலத்தில் பூந்துறையிலிருந்தும் வலியதுறையிலிருந்தும் தலைச்சுமையோடு நடந்தே வருவார்கள். மீன் நாற்றம் என்று பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். அதை எதிர்த்து அவர்கள் சங்கம் கூடிப் போராடி, மீன்கூடை ஏற்றும் தனி வண்டியை வாங்கினார்கள். 2021இல் கேரளப் போக்குவரத்துக் கழகம் ‘சமுத்ரா’ என்ற பெயரில் மீன் விற்கும் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பஸ் விட்டது, அந்த நீண்ட சண்டையின் பிந்திய பலன்.

இவர்களின் தொழில் ஒரு நாள் கணக்கு. அதிகாலையில் கரையில் ஏலம் எடுப்பார்கள், அல்லது வட்டிக்கு வாங்கிய பணத்தில் மொத்த வியாபாரியிடம் எடுப்பார்கள். விற்றால்தான் சாயங்காலம் கடன் தீரும். வாங்க வருகிறவர் ‘கப்பல் எண்ணெய் கலந்த மீனா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கோழிக்கடைக்குப் போனால் போதும். எல்சா மூழ்கிய வாரத்தில் நடந்தது இதுதான். மீன் தின்னலாமா என்ற பயம் செய்தியைவிட வேகமாகப் பரவியது. பயப்பட வேண்டாம், தின்னலாம் என்று அரசு திரும்பத் திரும்பச் சொன்னது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மாதிரி எடுத்துச் சோதித்தது. சோதனை முடிவு வர நாள் ஆகும், மீன் காத்திருக்காது. இதில் வாங்குகிறவரையும் குற்றம் சொல்ல முடியாது. தன் குழந்தைக்கு என்ன சமைக்கலாம் என்பதை ஒரு தாய் அமைச்சரின் அறிக்கையைப் பார்த்து முடிவு செய்ய மாட்டாள். தடை இருபது கடல் மைல் வட்டத்துக்குள் இருந்தது. சந்தேகத்துக்கு அப்படி எல்லைக்கோடு கிடையாது. முந்நூறு கிலோமீட்டர் தள்ளிப் பிடித்த மீனும் அதே சந்தேகத்தோடுதான் விலைபோகும்.

ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். கடலுக்குப் போக முடியாத நாளில் வள்ளக்காரருக்கு வருமானம் இல்லை, ஆனால் டீசல் செலவும் இல்லை. விலை விழுந்த நாளில் மீன் வாங்கிவிட்ட பெண்ணுக்கு வருமானம் இல்லாததோடு, போட்ட முதலும் போய்விடும். தடையின் நட்டம் கடலில் விழுகிறது. பயத்தின் நட்டம் கரையில், அதிலும் விற்பனைச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் விழுகிறது. முன்னதற்கு அரசாணை உண்டு, தேதி உண்டு, பரப்பு உண்டு. பின்னதற்கு ஒரு காகிதமும் இல்லை.

கேரள அரசு நிவாரணம் அறிவித்தபோது இதை ஓரளவு உணர்ந்துகொண்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். திருவனந்தபுரம், கொல்லம், ஆலப்புழை, எர்ணாகுளம் மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 1,000 ரூபாயும் ஆறு கிலோ அரிசியும் என்று அறிவித்தார்கள். கடலில் இறங்குகிறவர்களோடு மீன்பிடி சார்ந்த கரைத் தொழிலாளர் குடும்பங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. நல்ல முன்மாதிரி. ஆனால் ஆயிரம் ரூபாய் என்பது ஒரு சருவம் மீனின் முதலுக்குக்கூடக் காணாது. பட்டியல் நல வாரியப் பதிவை வைத்துப் போட்டது. பதிவு இல்லாதவர் அதிலும் இல்லை.

தமிழ்நாட்டின் அனுபவம் இன்னும் கசப்பானது, இன்னும் தெளிவானதும்கூட. 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. பெரிய சேதம் எதுவும் இல்லை என்றே துறைமுகத் தரப்பு முதலில் சொன்னது. ஓரிரு நாளில் கரிய களி கரையோரப் பாறைகளில் வந்து அப்பியது. மாணவர்களும் மீனவர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் பிளாஸ்டிக் வாளியால் அதை அள்ளிய படங்கள் நாடு முழுக்கப் போயின. நாட்டில் 1996இலிருந்தே தேசிய எண்ணெய்க் கசிவுப் பேரிடர்த் திட்டம் இருக்கிறது, கடலோரக் காவல்படை அதற்குப் பொறுப்பு. களத்தில் தெரிந்ததோ வாளி.

2023 டிசம்பரில் அதே எண்ணூருக்கு எண்ணெய் கடலிலிருந்து வரவில்லை, ஆற்றிலிருந்து வந்தது. மிக்ஜாம் புயல் மழையில் மணலியில் உள்ள சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றில் இறங்கி முகத்துவாரத்துக்குப் பரவியது. ஏறக்குறைய 20 சதுர கிலோமீட்டர் பரப்பில் படலம் இருந்ததாகக் கடலோரக் காவல்படை சொன்னது. வெள்ளத்தின் மேல் பழி போட்டது ஆலை. மழைநீர் மேலாண்மை போதவில்லை என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், எண்ணூர்க்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என்று வரிசையாக எல்லாக் குப்பங்களிலும் படகும் வலையும் கறுத்துப் போயின. வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற உயரத்துக்கு எண்ணெய்க் கோடு. எண்ணூர் மீன் என்றால் வாங்க ஆள் இல்லை.

தமிழக அரசு அறிவித்த நிவாரணம் 8.68 கோடி ரூபாய். 2,301 மீனவக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாய் வீதம், மற்ற 6,700 குடும்பங்களுக்கு 7,500 வீதம், 787 படகுகளுக்கு 10,000 வீதம். மூன்று எண்களையும் பெருக்கிக் கூட்டிப் பார்த்தேன், கணக்கு சரியாகவே வருகிறது. ஆனால் பகுப்பைப் பாருங்கள். படகுக்குத் தனி இனம் இருக்கிறது. மீன் விற்கிற பெண் ‘குடும்பம்’ என்பதற்குள் கரைந்துவிடுகிறாள். அந்தக் கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களுக்குப் படகு கிடையாது, இயந்திரம் கிடையாது. எண்ணெய் அவர்களின் தொழிற்கருவியைக் கெடுத்தது என்றால் அந்தக் கருவி அவர்களின் கையும் தோலும்தான். அதற்கு எந்த இனத்தில் எவ்வளவு எழுதுவது?

இன்னொரு விநோதம் எல்லா ஊரிலும் நடக்கிறது. எண்ணெய் அள்ள ஆள் தேவைப்படும்போது மீனவரையே அழைக்கிறார்கள். அந்தக் கால்வாயும் கழிமுகமும் அவருக்குத்தான் தெரியும், படகும் அவரிடம்தான் இருக்கிறது. தொழில் போன நாட்களில் அந்தக் கூலி வேண்டியும் இருக்கிறது. கையுறை, முகமூடி, பூட்ஸ் பிறகு வருகின்றன, சில சமயம் வருவதேயில்லை. எண்ணூரில் வெறும் கையால் அள்ளியவர்கள் தோல் எரிச்சலும் மூச்சுத் திணறலும் சொன்னார்கள். அதே 2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரியில் கச்சா எண்ணெய்க் குழாய் உடைந்து கரையோரக் கடல் கறுத்தபோது அவ்வூர் மக்கள் நிவாரணத்தோடு நிற்கவில்லை. குழாயையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். எனக்கு அது மிகையான கோரிக்கையாகத் தெரியவில்லை.

வெளிநாட்டு அனுபவங்களில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அலாஸ்காவில் 1989 மார்ச் 24 அன்று எக்சான் வால்டீஸ் டாங்கர் பாறையில் மோதியது. அருகில் இருந்த மீன்பிடி ஊர் கார்டோவா. கசிவுக்கு நாலு வருடம் கழித்து, 1993இல், அங்கே ஹெரிங் மீன் திடீரென்று அற்றுப்போனது. அதற்கு எண்ணெய் காரணமா, நோயா, இரண்டும் சேர்ந்தா என்பதில் விஞ்ஞானிகள் இன்றைக்கும் ஒத்துப்போகவில்லை. தண்டனை இழப்பீடாக 500 கோடி டாலர் கொடுக்கச் சொல்லி 1994இல் ஜூரி தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டுக்கு மேல் மேல்முறையீடாகப் போய், 2008இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் சுமார் 50 கோடி டாலராகக் குறைத்தது. கார்டோவாவைத் தொடர்ந்து ஆராய்ந்த சமூகவியலாளர்கள் ஒன்றைக் கண்டார்கள்: புயலும் வெள்ளமும் வந்தால் ஊர் ஒன்றுகூடும், மனிதன் செய்த விபத்து ஊரை உள்ளுக்குள் அரிக்கும். துப்புரவு வேலைக்குப் படகு வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தவனுக்கும் மறுத்தவனுக்கும் பேச்சு முறிந்தது. வழக்கு இழுத்துக்கொண்டு போனதே ஒரு நோயானது.

தென் கொரியாவின் தேயான் கரையில் 2007 டிசம்பர் 7 அன்று ஹெபெய் ஸ்பிரிட் என்ற டாங்கரை ஒரு கிரேன் மிதவை மோதியது. ஏறக்குறைய 10,900 டன் கச்சா எண்ணெய் கொட்டியது. பத்து லட்சத்துக்கும் அதிகமான தன்னார்வலர்கள் வந்து பாறைகளைத் துணியால் துடைத்தார்கள், நாடே நெகிழ்ந்தது. ஆனால் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இழப்பீட்டுக் கோரிக்கைகள் வந்தபோது, அவற்றில் பல சேற்றில் கையால் சிப்பி பொறுக்கும் முதியவர்களும் பெண்களும் கொடுத்தவை. விற்ற ரசீது எங்கே என்று கேட்டால் அவர்களிடம் என்ன இருக்கும்? நிவாரணம் தாமதமான முதல் மாதங்களில் அங்கே தற்கொலைகள் நடந்தன.

நைஜீரியாவின் போடோ கிராமத்தில் 2008இல் ஷெல் நிறுவனத்தின் குழாய் இரண்டு முறை உடைந்து சதுப்புக்காடு அழிந்தது. முதலில் நிறுவனம் ஊர் முழுமைக்கும் கொடுக்க முன்வந்தது நாலாயிரம் பவுண்டு. லண்டனில் வழக்குப் போட்ட பிறகு, 2015இல் ஐந்தரைக் கோடி பவுண்டுக்கு இறங்கி வந்தது. அதில் மூன்றரைக் கோடி 15,600 பேருக்குத் தனித்தனியே போனது, மீதி ஊருக்கு. படகுக்கு இவ்வளவு, குடும்பத் தலைவருக்கு இவ்வளவு என்று போடாமல் ஆளுக்கு இவ்வளவு என்று பிரிக்க முடியும் என்பதற்கு அது ஒரு சான்று.

இலங்கை நமக்கு வெளிநாடு என்றாலும் கடலால் பக்கத்து வீடு. 2021 மேயில் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்து ஜூனில் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலிலும் இதே பிளாஸ்டிக் குருணைதான், சுமார் 1,680 டன். நீர்கொழும்புக் கரையில் மீன்பிடித் தடை, சந்தையில் மீன் வாங்கப் பயம், எல்லாம் அங்கே முன்னோட்டமாக நடந்து முடிந்தன. 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் கப்பல் தரப்பு 100 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கொடுக்கப் போவதில்லை என்று நிறுவனத்தின் தலைவர் வெளிப்படையாகச் சொன்னார். தீர்ப்புக்கும் பணத்துக்கும் இடையில் இன்னொரு கடல் இருக்கிறது.

யார் கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்குச் சட்டம் கப்பலின் வகையைப் பார்த்துப் பதில் சொல்கிறது. கசிந்தது எண்ணெய் ஏற்றிய டாங்கர் என்றால் 1992ஆம் ஆண்டின் இரண்டு சர்வதேச உடன்படிக்கைகள் உண்டு, இந்தியா இரண்டிலும் சேர்ந்திருக்கிறது. கப்பல் முதலாளியின் காப்பீடு தீர்ந்தால், எண்ணெய் இறக்குமதியாளர்கள் கட்டும் ஒரு சர்வதேச நிதியிலிருந்து மேற்கொண்டு கிடைக்கும். வலையில் ஒரு சொட்டு எண்ணெய் படாத மீனவரும் தொழில் நின்றதற்காக அந்த நிதியிடம் கேட்கலாம். ரசீது வைத்துக்கொள்ளாத சிறுதொழில் மீனவரின் கோரிக்கையை எப்படி மதிப்பிடுவது என்பதற்கு அந்த நிதி தனியாக வழிகாட்டிகளே எழுதி வைத்திருக்கிறது. ஆனால் எல்சா டாங்கர் அல்ல. கண்டெய்னர் கப்பலின் சொந்த எரிபொருள் கசிந்தால் அந்த நிதியின் கதவு திறக்காது. அபாயகரமான சரக்குக்கென்று எழுதிய தனி உடன்படிக்கை எல்சா மூழ்கியபோது நடைமுறைக்கே வந்திருக்கவில்லை. மிஞ்சுவது கப்பல் முதலாளியும் அவருடைய காப்பீடும். அவர்களுக்கோ கப்பலின் எடையை வைத்துத் தம் பொறுப்பைக் குறுக்கிக்கொள்ளும் உரிமை பழைய கடல் சட்ட மரபிலிருந்தே இருக்கிறது.

ஆகவே கேரள அரசு கப்பல் வழக்குகளுக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே போனது. ஒரு கப்பலின் நட்டத்துக்கு அதே நிறுவனத்தின் இன்னொரு கப்பலைப் பிடித்து வைக்கலாம் என்பது அதன் சாரம். ஜூலை 7 அன்று உயர் நீதிமன்றம் விழிஞ்ஞத்தில் நின்றிருந்த எம்எஸ்சி அகிடெட்டா 2 கப்பலைப் பிடித்து வைக்க உத்தரவிட்டது. கப்பல் மூழ்கியது மாநிலத்தின் கடல் எல்லைக்கு வெளியே, வழக்குப் போட மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்று நிறுவனம் வாதாடியது. அது எடுபடவில்லை. செப்டம்பரில் நீதிமன்றம் ஈட்டுத் தொகையாக 1,227.62 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. கேட்டதில் எட்டில் ஒரு பங்கு. அதுவும் ஈடுதான், இழப்பீடல்ல. யாருக்கு எவ்வளவு நட்டம் என்று நிரூபித்த பிறகே பணம்.

நிரூபிப்பது எப்படி? கப்பல் தரப்பு வழக்கறிஞர் கேட்கப்போகும் முதல் கேள்வி எனக்கு இப்போதே கேட்கிறது: கடலில் மத்தி குறைந்தது எங்களாலா? கேரளத்தில் 2012இல் நான்கு லட்சம் டன்னுக்கு அருகில் கிடைத்த மத்தி 2021இல் 3,297 டன்னாக விழுந்தது. அப்போது எந்தக் கப்பலும் மூழ்கவில்லை. கடல் சூடானது, இடைவிடாது பிடித்தது என்று பல காரணம். தானாகவே இப்படி ஏறி இறங்கும் தொழிலில், கப்பல் மூழ்கிய வருடத்துக் குறைவில் எவ்வளவு அதனால் வந்தது என்று பிரிப்பது கார்டோவாவின் ஹெரிங் வழக்கைப்போல முடிவில்லாமல் போகக்கூடியது. மீன் வளத்தின் குறைவை வைத்து வாதாடினால் தோற்கும் வாய்ப்பே அதிகம் என்பது என் எண்ணம். விலையின் வீழ்ச்சியை வைத்து வாதாடினால் நிற்கும். மே 24இல் ஒரு கிலோ அயிலை என்ன விலைக்குப் போனது, மே 28இல் என்ன விலைக்குப் போனது என்பதற்கு மத்தி ஆராய்ச்சி வேண்டாம், ஏலக் கணக்குப் போதும்.

அந்தக் கணக்கு நம் ஊரிலேயே இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். தரகரிடம் முன்பணம் வாங்கி, அவர் சொன்ன விலைக்கே மீனைக் கொடுக்கும் கொத்தடிமை முறையை உடைக்க, 1970களில் மரியநாடு மீனவர்கள் தாங்களே சங்கம் வைத்துத் தங்கள் மீனைத் தாங்களே ஏலம் விட்டார்கள். அதைப் பார்த்துப் பல கிராமங்களில் சங்கங்கள் முளைத்தன. 1980இல் அவை சேர்ந்து தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு ஆயின. அதன் தலைமையகம் வலியசாலையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், கரமனையில். ஒவ்வொரு வள்ளமும் அன்றன்று கொண்டுவந்த மீன், விற்ற விலை, பிடித்தம், சேமிப்பு எல்லாம் எழுதி வைப்பது இந்தச் சங்கங்களின் அடிப்படை வேலை. கடன் தீர்க்க எழுதிய நோட்டு நட்டத்தை நிரூபிக்கவும் ஆகும். தேயானில் சிப்பி பொறுக்கியவர்களுக்கு இல்லாத சான்று இது. ஆனால் இதுவும் ஏலத்தோடு நின்றுவிடும். ஏலம் எடுத்துப் போன பெண் அதை எந்தத் தெருவில் என்ன விலைக்கு விற்றாள், எவ்வளவு மிஞ்சிக் கெட்டது என்பதற்கு நோட்டு இல்லை.

அதை எழுத முடியாது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். நகரத்துச் சந்தைகளில் உட்காரும் பெண்களிடம் தினமும் இடக்கட்டணம் வசூலிக்க ஆள் வருகிறார். எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிக் காசு வாங்கத் தெரிந்தவருக்கு, எவ்வளவு விற்றது என்று கேட்டு எழுதவும் தெரியும்.

அவசரமும் இருக்கிறது. விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2 அன்று முறையாகத் திறக்கப்பட்டது; எல்சா அங்கிருந்து கிளம்பி மூழ்கியது மூன்றே வாரத்தில். ஜூன் 9 அன்று கேரளத்தின் வடக்குக் கடலில் வான் ஹை 503 என்ற இன்னொரு கண்டெய்னர் கப்பல் தீப்பிடித்தது, நாலு மாலுமிகள் காணாமல் போனார்கள். இக்கரைக்கு நேரே போகும் கப்பல்களின் எண்ணிக்கை இனிக் கூடத்தான் செய்யும். குமரிமுனைக்குத் தெற்கே இருக்கும் வாட்ஜ் பேங்க் மீன்வளத் திட்டின் பக்கம் எண்ணெய், எரிவாயு எடுக்கும் உரிமமும் கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்தத் திட்டில் தூண்டில் போடுவது குமரி மாவட்டத்தவர் மட்டுமல்ல, விழிஞ்ஞத்துக்காரரும் கொல்லத்துக்காரரும்தான். அங்கே பிடிபடும் மீன் பாளையத்துக்கும் பாங்கோட்டுக்கும் வரும். உரிமத்தை எதிர்த்துக் குமரியிலும் கேரளத்திலும் மீனவர்கள் போராடி வருகிறார்கள். அந்தப் போராட்டம் வென்றாலும் தோற்றாலும், சுற்றுச்சூழல் ஆய்வு என்று ஒரு கோப்பு எழுதப்படும். அதில் மீன்வளம் பற்றிய அத்தியாயத்தோடு இந்த இரண்டு சந்தைகளின் ஒரு வருட விற்பனைக் கணக்கையும் சேர்க்கச் சொல்லி இப்போதே மனுக் கொடுக்கலாம். அதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டாம். ஒரு நோட்டும், காலை ஐந்து மணிக்கு எழுந்து போகிற ஓர் ஆளும் போதும்.